அந்தமான்ல சார்ட்டர் (வாடகை மீன்பிடி போட்) எடுத்து ஜிடி (ஜயன்ட் டிரெவாலி) பிடிக்கிறது: போறவங்க, போனவங்க, போகவே வேணாம்னு சொல்றவங்க எல்லாரும் இங்க வாங்க

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 18

அண்ணா, மார்ச்ல நாங்க நாலு பேர் அந்தமான் போறோம். ஒரு நாள் சார்ட்டர் எடுத்தா முப்பது கிலோ ஜிடி கிடைக்கும்னு யூடியூப்ல பார்த்தோம். பேரன் (Barren) எரிமலைத் தீவுக்கே போயிடலாம்னு பிளான். என்ன ராட், என்ன ரீல் வாங்கணும்? எந்த போட் நல்ல போட்? சுருக்கமா சொல்லுங்க.

2024 நவம்பர் 18, இரவு

சுருக்கமா: ஒரு நாள் போதாது, பேரன் தீவு வேணாம், ராட் வாங்காதீங்க, போட்டை விட கேப்டன் முக்கியம்.

2024 நவம்பர் 19

நேத்து எழுதினது கொஞ்சம் வெடுக்குன்னு இருந்திருக்கும். விளக்கமா சொல்றேன்.

மீன் கேட்டீங்க, போட் கேட்டீங்க, சாமான் கேட்டீங்க. எந்தத் தேதின்னு கேட்கலையே தம்பி. ஜிடி-ங்கிறது நம்ம ஊர் பாறை மீன் குடும்பத்துல மூத்த அண்ணன். பாருக்கு (கடலடிப் பாறைத் திட்டு) மேல நீவாடு (கடல் நீரோட்டம்) மோதித் திரும்புற முனையில நின்னுக்கிட்டு, அடிச்சுக்கிட்டு வர்ற சின்ன மீனை வேட்டையாடும். நீவாடு ஓடலைன்னா அதுக்கு வேலை இல்லை, நமக்கும் வேலை இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் ஏறி இறங்குறது அங்க கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் இருக்கும். அஷ்டமி பக்கம் அது பாதிக்கும் கீழ போயிடும். 2025 மார்ச்ல பௌர்ணமி 14, அமாவாசை 29. அதுக்கு ரெண்டு நாள் முன்ன பின்ன தேதி வச்சுக்கிட்டு அப்புறமா விமான டிக்கெட்டைப் பாருங்க. எல்லாரும் டிக்கெட் மலிவா இருக்கிற தேதியில போயிட்டு வந்து கேப்டனைத் திட்டுறாங்க.

அடுத்து, நாலு பேர். இருபத்தஞ்சு அடி போட்ல பாப்பர் (தண்ணி மேல இழுக்கிற செயற்கை இரை) வீசுறவங்க ஒரே நேரத்துல ரெண்டு பேர்தான் நிக்க முடியும், அணியத்துல (முன்பக்கம்) ஒருத்தர், அமரத்துல (பின்பக்கம்) ஒருத்தர். நூத்தம்பது கிராம் பாப்பர், அதுல தொங்குற கொக்கி, எட்டடி ராட், பின்னாடி ஒரு ஆளு மொபைலைப் பார்த்துக்கிட்டு. இந்தக் கணக்கு எங்க போய் முடியும்னு காதுல தையல் போட்டுக்கிட்டவங்களைக் கேட்டா தெரியும். நாலு பேர்னா மாத்தி மாத்தி வீசுங்க, இல்லைன்னா ரெண்டு போட் எடுங்க.

2024 நவம்பர் 21

சாமான் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. முதல் தடவைன்னா வாடகைக்கு எடுங்க, இல்லைன்னா போட்லயே தர்றதை வாங்கிக்கோங்க. ஷிமானோ ஸ்டெல்லாவோ டைவா சால்டிகாவோ பெரிய சைஸ் ரீல் ஒண்ணு வாங்குற காசுல ரெண்டு மூணு நாள் கடல்ல கூடவே இருக்கலாம். எனக்குக் கடல்தான் லாபமாப் படுது.

வாங்கியே தீருவேன்னா: பிரெய்டு (பின்னின தூண்டில் நூல்) பிஇ 8. பிஇ நம்பர்ங்கிறது தடிமன் கணக்கு, பலம் இல்லை. பிஇ 1 சுமார் 0.165 மில்லிமீட்டர், பிஇ 8 அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆனா அதுலதான் இருபது, முப்பது கிலோ மிருகம் பாருக்குள்ள பாயும்போது டிராகை (ரீலோட பிரேக்) இறுக்கிப் பிடிச்சு நிக்கணும். முதல் பத்து நொடியில நிறுத்தலைன்னா அது பவளத்துல உரசி அறுத்துக்கிட்டுப் போயிடும். அதனால பிரெய்டு முனையில தடிச்ச தங்கூசி (நைலான் நூல்) லீடர், ரெண்டையும் சேர்க்க எஃப்ஜி முடிச்சு. இந்த முடிச்சை வீட்டு வராண்டாவுல கதவுக் கைப்பிடியில கட்டி, முழு பலத்தோட இழுத்துப் பழகிட்டுப் போங்க. ஆடுற போட்ல, வேர்த்த கையோட, கேப்டன் "சீக்கிரம் சீக்கிரம்"னு கத்தும்போது கத்துக்கிற விஷயம் இல்லை.

விமானத்துல பெரும்பாலும் பதினஞ்சு கிலோ. முன்னூறு கிராம் ஜிக் (ஆழத்துல இறக்குற உலோக இரை) பதினஞ்சு எடுத்தா நாலரை கிலோ அதுலயே போச்சு. துணி ரெண்டு செட் போதும், எல்லாம் எப்படியும் மீன் வாடைதான் அடிக்கப் போகுது.

2024 நவம்பர் 22

கார்மின் இன்ரீச், சாட்டிலைட் போன் இதெல்லாம் எடுத்துட்டு வரலாமான்னு துபாய்ல இருக்கிற ஒருத்தர் கேட்டிருக்கார். வேணவே வேணாம் சார். இந்தியாவுல முன் அனுமதி இல்லாம அதைக் கையில வச்சிருந்தாலே வழக்கு, விமான நிலையத்துலயே பிடிச்சுடுவாங்க. போட்ல விஎச்எஃப் ரேடியோ இருக்கான்னு மட்டும் கேளுங்க, லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு எண்ணிப் பாருங்க. மீன்வளத் துறை உரிமம் இருக்கான்னும் கேளுங்க. கேட்டதுக்கு முகம் சுளிச்சா அந்தப் போட் வேணாம்.

2024 டிசம்பர் 4

தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தர் எழுதியிருக்கார்: "காசு குடுத்துப் போய், பிடிச்ச மீனை முத்தம் குடுத்து விட்டுட்டு வர்றீங்களே, இதுக்குப் பேரு என்னல?"

அண்ணாச்சி, இதே கேள்வியை எங்க மாமாவும் கேட்டார். பாம்பன்ல விசைப்படகு வச்சிருந்தவர். போட்டோவைக் காட்டினேன், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டுப் பார்த்தார். "எத்தனை கிலோ?" இருபது கிலோ சுமார் இருக்கும்னேன். "என்ன விலைக்குப் போச்சு?" விட்டுட்டோம்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அத்தையைக் கூப்பிட்டு, "இவன் மீனுக்கு வாய்ல ஓட்டை போட்டு அனுப்புறதுக்கு பிளேன் ஏறிப் போயிருக்கான்"னார். வீடே சிரிச்சது. நானும்தான்.

அவருக்கு அன்னைக்குப் பதில் சொல்ல முடியலை. பாதிப் பதில் இப்ப இருக்கு. ஜிடி அறுபது சென்டிமீட்டர் சுமாருக்கு வளர்ந்தாத்தான் இனப்பெருக்கத்துக்கே தயாராகும், அதுக்கு மூணு நாலு வருஷம். மீட்டருக்கு மேல இருக்கிற மீன் வருஷக்கணக்கா அந்தப் பாருல தாக்குப் பிடிச்சது. வலையில கிடைக்கிறது வேற விஷயம், அது பிழைப்பு. சார்ட்டர்காரனுக்கு அதே மீன் நாளைக்கும் அங்க இருக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் யாரும் வர மாட்டாங்க. அவன் மீனை விக்கலை, மீன் அங்க இருக்குங்கிற நம்பிக்கையை விக்கிறான்.

இன்னொண்ணு. பெரிய பாறை மீன் குழம்புக்குச் சொல்லிக்கிற மாதிரி இருக்காது, நார் நாராத்தான் வரும். சின்னப் பாறைதான் ருசி. அண்ணாச்சிக்குத் தெரியாததா.

2024 டிசம்பர் 5

"அப்ப ஒரு மீன்கூடத் திங்கக் கூடாதா?" யார் சொன்னா? சூரை ஒண்ணு எடுத்துக்கோங்க, தோல்பாறை எடுத்துக்கோங்க, ராத்திரிக்கு வறுவல் போடுங்க. நான் போட்லயே எலுமிச்சம்பழமும் மிளகாய்த்தூளும் வச்சிருக்கிற ஆளு.

ஆனா பாருல இருக்கிற பெரிய வேட்டை மீன்களை, பெரிய கலவா, பெரிய சங்கரா, பெரிய சீலா, இதுகளைத் தின்னும்போது யோசிங்க. சிகுவாடெரான்னு ஒரு நஞ்சு. பாருல பாசியோட ஒட்டி வாழுற நுண்ணுயிர்ல ஆரம்பிச்சு, சின்ன மீன் தின்னு, அதைப் பெரிய மீன் தின்னுன்னு மேல மேல சேரும். வறுத்தாலும் போகாது, ஐஸ்ல வச்சாலும் போகாது. வாயைச் சுத்தி மரத்துப்போகும், குளிர்ந்த தண்ணியைத் தொட்டா சுடுற மாதிரி இருக்கும். மங்களூருல 2016-ல சங்கரா மீன் தலையைச் சாப்பிட்டு நிறைய பேர் ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. தலைக்கறி பிரியர்கள் கவனிக்க.

2024 டிசம்பர் 19

அட்வான்ஸ் விஷயம். பேர் சொல்ல மாட்டேன். எனக்கு நடந்தது: பாதிப் பணம் ஜிபே-ல முன்னாடியே வாங்கிட்டாங்க. போன அன்னைக்குக் காத்து மாறி, கடலுக்குப் போகக் கூடாதுன்னு எச்சரிக்கை. கேப்டன் போகலை, அது சரி, அதுக்கு அவரைக் கும்பிடுறேன். ஆனா ஆபீஸ்ல இருந்தவர் "வெதர் எங்க கையில இல்லை சார், ரீஃபண்ட் பாலிசி இல்லை"னு சொல்லிட்டு போனை எடுக்கவே இல்லை. அதனால வானிலையால ரத்தானா வேற தேதியா, பணம் திரும்பவா, அதை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க. எழுதித் தர யோசிக்கிற ஆளுக்கு அட்வான்ஸ் குடுக்க நீங்களும் யோசிங்க.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்கக் கடல்ல புயல் சின்னம் எப்ப உருவாகும்னு சொல்ல முடியாது. ஜனவரி பிற்பகுதியில இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் பொதுவா அடங்கியிருக்கும். மே கடைசியில கச்சான் காத்து (மேற்கத்திக் காத்து) பிடிச்சா அவ்வளவுதான்.

2025 ஜனவரி 9

பேரன் தீவு. இதைக் கேட்காத ஆளே இல்லை, தனியாவே எழுதிடுறேன்.

போர்ட் பிளேர்ல இருந்து (2024 செப்டம்பர்ல இருந்து ஸ்ரீ விஜய புரம், ஆட்டோக்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கலை) பேரன் சுமார் 135 கிலோமீட்டர். இருபது நாட் வேகத்துல போனா மூணரை மணி நேரத்துக்கு மேல, அதுவும் கடல் தட்டையா இருந்தா. நூத்தம்பது குதிரைத்திறன் எஞ்சின் ரெண்டு மாட்டின போட் சும்மா ஓடுற வேகத்துல மணிக்கு ஐம்பது, அறுபது லிட்டர் பெட்ரோல் குடிக்கும். போகும்போதே இருநூறு லிட்டர் காலி. திரும்பி வரணும்ல? நீங்க குடுக்கிற காசுல பெரும்பங்கு கடல்ல புகையாப் போயிடும். மீன் பிடிக்கிற நேரம் நாலு மணி நேரம் மிஞ்சினா பெரிசு. அந்தமான்ல மார்ச் மாசம் சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும், நம்ம ஊர்க் கணக்குல ஆறரை வரைக்கும் வெளிச்சம்னு நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க.

அது இந்தியாவோட ஒரே உயிருள்ள எரிமலை. 1787-ல வெடிச்சதுதான் முதல் பதிவு. ரொம்ப காலம் தூங்கிட்டு 1991-ல மறுபடி முழிச்சது. தீவுல இறங்க அனுமதி கிடையாது. கரையை ஒட்டியே ஆழம் சரேல்னு இறங்கும், அதனால டாக்டூத் சூரைக்கு ஜிக் போடுறவங்களுக்கு அது சொர்க்கம், ஒத்துக்கிறேன். ரெண்டு மூணு நாள் கடல்லயே தங்குற பெரிய போட்டும், அனுமதியும் இருந்தா போங்க. ஒரு நாள்ல போய்ட்டு வர்றதுன்னா அது எரிமலை பார்க்கிற டூர், மீன் பிடிக்கிறது இல்லை.

2025 ஜனவரி 10

சுறா பத்தி விட்டுட்டேன். மீன் மாட்டி, பாதி தூரம் இழுத்துட்டு வந்ததும் திடீர்னு லேசா வரும். மேல பார்த்தா தலை மட்டும். வெளிநாட்டுக்காரங்க இதை வரின்னு சொல்வாங்க. எங்க போட்ல அதுக்கு ஜிஎஸ்டின்னு பேரு. ரெண்டு மீன் அப்படிப் போச்சுன்னா கேப்டன் இடத்தை மாத்தணும். மாத்தாம மூணாவதும் நாலாவதும் பலி குடுக்கிற கேப்டன்கூட நான் மறுபடி போக மாட்டேன்.

2025 ஜனவரி 26

ஒருத்தர்: "மயில் மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம், கார் மாதிரி." இந்த 110 எல்லா இடத்துலயும் சுத்துது. பழைய காலத்துல ரீல்ல இருந்து நூல் ஓடின வேகத்தை வச்சு யாரோ போட்ட கணக்கு. சமீபத்துல ஆய்வாளர்கள் தசை சுருங்குற வேகத்தை அளந்து பார்த்ததுல, வெடிச்சுப் பாயும்போதுகூட முப்பது, முப்பத்தஞ்சு கிலோமீட்டரைத் தாண்டலை. டவுன்பஸ் வேகம். தூண்டில்ல மாட்டினா நமக்கு அதுவே ராக்கெட்தான்.

2025 பிப்ரவரி 8

நவம்பர்ல "நீவாடு ஓடணும், அமாவாசை பௌர்ணமி பாருங்க"ன்னு எழுதினேன்ல. அதை யாரோ அப்படியே எடுத்து ஜிக் போடுறவங்களுக்கும் சொல்லிட்டிருக்காங்க. அது மேல பாப்பர், ஸ்டிக்பெய்ட் வீசுறவங்களுக்குச் சொன்னது. ஆழத்துல ஜிக் இறக்குறவங்களுக்கு நீவாடு ரொம்ப ஓடினா இம்சை. எண்பது மீட்டருக்கு விட்ட ஜிக் தரையைத் தொடாது, நூல் சாய்ஞ்சுக்கிட்டே போகும், நானூறு கிராம் போட்டாலும் போதாது. அவங்களுக்கு அமாவாசைக்கு நாலஞ்சு நாள் தள்ளி, நீவாடு தணியுற நாள்தான் நல்லது. ரெண்டும் வேணும்னா நடுவுல ஒரு தேதி பாருங்க, இல்லைன்னா காலையில நீவாடு திரும்புற நேரத்துல ஜிக், ஓட ஆரம்பிச்சதும் பாப்பர். ஓதம் திரும்புற அந்த அரை மணி நேரம் எந்த நாளா இருந்தாலும் கிடைக்கும்.

இன்னும் யோசிச்சா, நாள் பார்க்கிறதை விட அந்த அரை மணி நேரத்துல எந்த முனையில நிக்கணும்னு தெரிஞ்ச ஆளு கிடைக்கிறதுதான் பெரிய விஷயம். நான் பார்த்ததுலயே சிறந்த போட்டோட்டி ஒரு கரேன் இனத்துக்காரர். 1925-ல பர்மாவுல இருந்து வந்து மாயாபந்தர் பக்கம் குடியேறின சமூகம். அவர் ஜிபிஎஸ் திரையைப் பார்க்கவே இல்லை. தண்ணி மேல ஒரு இடத்துல மட்டும் சின்னச் சின்னதா கொதிக்கிற மாதிரி இருந்தது, விரலைக் காட்டி "வீசு"ன்னார். ரெண்டாவது வீச்சுல தண்ணி வெடிச்சது. அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் நாங்க வீசின இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

2025 பிப்ரவரி 9

மொழிப் பிரச்சினை இருக்குமான்னு கேட்டவருக்கு: அபர்தீன் பஜார்ல தமிழ் தெரியாத கடைக்காரரைத்தான் தேடணும். வெற்றிமலை முருகன் கோயிலும் உண்டு, மீன் மாட்ட வேண்டிக்கிட்டவங்களைப் பார்த்திருக்கேன். அடுத்த நாள் மீனை விடவும் செஞ்சாங்க. முருகனுக்குக் குழப்பமா இருந்திருக்கும்.

லட்சத்தீவு எப்படின்னா, நுழைவு அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். அங்க சூரை பிடிக்கிறது உயிர் இரை தூவி, கம்பும் கொக்கியுமா ஒவ்வொண்ணாத் தூக்கிப் போடுற வேலை, கடல்ல ஒரு தடவையாவது பார்க்கணும். மத்தது வேற இழை போட்டுப் பேசலாம்.

2025 பிப்ரவரி 23

கலவா. இதுல கொஞ்சம் சீரியஸா.

அறுபது மீட்டர் ஆழத்துல தண்ணியோட அழுத்தம் மேல இருக்கிறதைப் போல ஏழு மடங்கு. அங்க இருந்து ஒரு கலவாவை மளமளன்னு இழுத்துட்டு வந்தா அதோட காத்துப்பை ஊதி, இரைப்பையை நெம்பி வாய் வழியா வெளிய தள்ளும், கண் பிதுங்கும். அதை "ரிலீஸ்"னு சொல்லித் தண்ணியில போட்டா தலைகீழா மிதக்கும், ரெண்டு நிமிஷத்துல கழுகு தூக்கிட்டுப் போகும். எங்க மாமா சொன்ன ஓட்டை இதுதான், இந்த இடத்துல அவர் பக்கம்தான் நான். ஆழத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடுற, எடை கட்டின கருவி போட்ல இருந்தா விடுங்க. இல்லைன்னா அதை எடுத்துக்கிட்டு, அந்த இடத்துல மேற்கொண்டு ஜிக் போடுறதை நிறுத்துங்க. வேடிக்கைக்கு இன்னும் நாலு கலவாவைக் கொல்லாதீங்க.

ஒரு விதிவிலக்கு: ராட்சதக் கலவா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்கிற அதே அட்டவணை. அதைத் தூக்கி வச்சு போட்டோ எடுத்து இன்ஸ்டாவுல போடுறது புலியைப் பிடிச்சு போட்டோ எடுக்கிறதுக்குச் சமம். ஒருத்தர் போட்டிருக்கார், எடுத்துடுங்க தம்பி.

ஜிடியைத் தூக்கும்போது: தாடையில க்ரிப்பரை மாட்டிச் செங்குத்தாத் தொங்க விடாதீங்க. கையை நனைச்சுக்கிட்டு, ஒரு கை வால்ல, ஒரு கை வயித்துக்கு அடியில. மடியில வச்சு ஒரே போட்டோ, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுங்க. உங்களுக்கு மூச்சு முட்டும்போது அதுக்கும் முட்டுதுன்னு அர்த்தம். மூணு முள் கொக்கியைக் கழட்டிட்டு ஒத்தைக் கொக்கி, முள்ளை குறடால நசுக்கிடுங்க. மீனுக்கும் நல்லது, உங்க காதுக்கும் நல்லது.

2025 ஏப்ரல் 2

கேள்வி கேட்ட தம்பி போயிட்டு வந்து போட்டோ அனுப்பியிருக்கார். அமாவாசை ஒட்டித்தான் போயிருக்காங்க. முதல் நாள் சீலாவும் வெயிலும். ரெண்டாவது நாள் ஒரு ஜிடி, பதினஞ்சு கிலோ இருக்கும்னு கேப்டன் சொன்னாராம். போட்டோவுல கையை முன்னாடி நீட்டிப் பிடிச்சிருக்கிறதால இருபத்தஞ்சு மாதிரித் தெரியுது. இந்த வித்தையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை போல. உலக சாதனை 72.8 கிலோ, ஜப்பான்ல 2006-ல. இன்னும் கொஞ்சம் கையை நீட்டணும்.

ரெண்டு நாள் பிளானை எதுக்கு மூணு நாள் போடலைன்னு இப்ப வருத்தப்படுறார். அதான் ஆரம்பம்.

2025 ஏப்ரல் 5

செய்தி பார்த்திருப்பீங்க, வெளியாட்களோட தொடர்பே இல்லாத பழங்குடி மக்கள் வாழுற வட சென்டினல் தீவுல ரப்பர் போட்ல போய் இறங்கி, தேங்காயும் டயட் கோக்கும் வச்சுட்டு வந்த அமெரிக்கரைக் கைது பண்ணியிருக்காங்க. இதைப் படிச்சுட்டு ஒருத்தர் "அந்தத் தீவைச் சுத்தித் தொடாத பார் இருக்கு, மீன் பெருசா இருக்கும்ல"னு கேட்கிறார்.

இருக்கும். அதுக்குப் போகக் கூடாது. தீவைச் சுத்தி அஞ்சு கடல் மைல் தடை. 2006-ல கரை பக்கம் ஒதுங்கிட்ட மீனவர் ரெண்டு பேரை அந்தப் பழங்குடி மக்கள் கொன்னுட்டாங்க. அம்பை விடப் பெரிய ஆபத்து நம்ம சளி, இருமல். அதைத் தாங்குற எதிர்ப்பு சக்தி அவங்களுக்குக் கிடையாது. "ரகசியமாக் கூட்டிட்டுப் போறேன்"னு எந்த கேப்டனாவது சொன்னா, நம்பரை பிளாக் பண்ணுங்க.

இன்னொண்ணு, கரையில நின்னு வீசலாமான்னு. வீசலாம், ஆனா சதுப்பு மரம் இருக்கிற கழிமுகத்துல இடுப்பளவு தண்ணியில இறங்கி கொடுவாவுக்கு வீசுறது வேணாம். உப்புநீர் முதலை இருக்கு. 2010-ல ராதாநகர் பக்கம் ஒரு சுற்றுலாப் பயணி முதலையால இறந்தாங்க. பலகை வச்சிருந்தா அது அலங்காரத்துக்கு இல்லை.

2025 ஏப்ரல் 16

நம்ம கரையில நேத்துல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். மாமா வீட்ல உக்காந்து வலை தச்சிட்டிருக்கார். மறுபடி அதே போட்டோவைக் கேட்டார். "இது இன்னும் உயிரோட இருக்குமா?" இருக்கலாம்னேன். "அப்ப போய் மறுபடி பிடிச்சா நீ ரெண்டு தடவை காசு குடுப்பியா?" ஆமான்னேன். "அந்த கேப்டன் நம்பரைக் குடு, அவன்தான் புத்திசாலி."

தம்பி, அடுத்த வருஷத்துக்குத் தேதி கேட்டிருந்தீங்களே: 2026 பிப்ரவரி 17 அமாவாசை. 15-ம் தேதியே போய் இறங்குங்க, நாலு பேர்னா ரெண்டு போட். அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி டிசம்பர் 19 குறிப்பை இன்னொரு தடவை படிங்க.